டிஸ்சார்ஜ் அப்போ சொல்றதுல நடுவுல உள்ளது மட்டும் ஏன் மறக்குது? எந்த வரிசைல சொன்னா நிக்கும்?

வார்டு_சிஸ்டர் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரில சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ், பித்தப்பைக் கல்லு இந்த மாதிரி கேஸ்தான் அதிகம். வீட்டுக்கு அனுப்புறப்போ பேஷண்ட்டையும் கூட இருக்கறவங்களையும் உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லி அனுப்புறது என் வேலை. டிஸ்சார்ஜ் சம்மரில என்ன வரிசைல அடிச்சிருக்கோ அதே வரிசைலதான் சொல்லுவேன். மொதல்ல மாத்திரை, அப்புறம் காயத்த நனைக்காம பாத்துக்கறது, வெயிட் தூக்கக்கூடாது, சாப்பாடு, அதுக்கப்புறம் காய்ச்சல் வந்தாலோ தையல் போட்ட எடம் சிவந்து சீழ் வச்சாலோ உடனே வரணும்ங்கறது, கடைசியா தையல் பிரிக்க என்னைக்கு வரணும். முடிச்சிட்டு "புரிஞ்சுதாம்மா"ன்னு கேட்டா எல்லாரும் நல்லா தலையாட்டுவாங்க.

மறுநாள் நாங்களே போன் பண்ணி விசாரிக்கணும்னு ஒரு ரூல் இருக்கு, அப்பதான் கூத்தே. ஆன்டிபயாட்டிக் காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு, இது டாண்ணு சொல்லிடுவாங்க. தையல் பிரிக்க வர தேதியும் சொல்லிடுவாங்க. நடுவுல சொன்னது மட்டும் காத்தோட போயிருக்கும். முக்கியமா அந்த காய்ச்சல், சீழ், சிவப்பு. "என்ன ஆனா உடனே வரணும்னு சொன்னேன்"ன்னு கேட்டா "நீங்க ஒண்ணும் சொல்லலியே சிஸ்டர்"ங்கறாங்க. படிச்சவங்க படிக்காதவங்க வித்தியாசமே இல்ல.

இப்ப எங்க வார்டுலயே ரெண்டு கட்சி. கூட வேலை பாக்கற பொண்ணு "முக்கியமானத கடைசில சொல்லுக்கா, கடைசில கேட்டதுதான் மனசுல நிக்கும்"ங்கறா. இன்சார்ஜ் சிஸ்டர் "மொதல்ல சொல்லு"ங்கறாங்க. இதப் பத்தி தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்களேன். சும்மா "எழுதிக் குடுங்க"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, எழுதித்தான் குடுக்கறோம், அது ஸ்கேன் கவருக்குள்ள போயி பீரோல ஏறிடுது.

பாதி_சைக்காலஜிஸ்ட்:

சிஸ்டர், நீங்க போன்ல பாக்கறது மனோதத்துவத்துல ரொம்பப் பழைய விஷயம். 1885-லயே எபிங்ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத எழுத்துக் கோர்வைகள பட்டியல் போட்டு தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு மறக்குதுன்னு தன்னையே சோதிச்சு புஸ்தகமா போட்டாரு. பட்டியல வச்சு ஞாபகத்த அளக்கற வேலை அங்க இருந்து சூடு புடிச்சது. 1962-ல மர்டாக்னு ஒருத்தர் பத்து வார்த்தைலேர்ந்து நாப்பது வார்த்தை வரைக்கும் பட்டியல் படிச்சுக் காட்டி, ஞாபகம் இருக்கறத எந்த வரிசைல வேணா சொல்லுங்கன்னாரு. கிராஃப் போட்டா மொத மூணு நாலு வார்த்தை உசரத்துல இருக்கும், கடைசி ஏழெட்டு வார்த்தை அதவிட உசரத்துல இருக்கும், நடுவுல தரையோட தரையா ஒரு கோடு. உங்க பேஷண்ட்டுங்க வரைஞ்சது அதே படம்தான்.

ஆனா உங்க வார்டுல இருக்கற ரெண்டு கட்சிக்கும் தீர்ப்பு சொல்லணும்னா அதுக்கு அடுத்து வந்தது முக்கியம். 1966-ல கிளான்சர், குனிட்ஸ்னு ரெண்டு பேரு ஒரு சின்ன வேலை பண்ணாங்க. பட்டியல் முடிஞ்ச உடனே கேக்காம, நடுவுல பத்து செகண்ட், இல்லேன்னா முப்பது செகண்ட் நம்பர் எண்ண விட்டுட்டு அப்புறம் கேட்டாங்க. அவ்வளவுதான், முப்பது செகண்ட்ல கடைசி வார்த்தைங்களோட உசரம் பூரா காலி. மொத வார்த்தைங்க அசையவே இல்ல. அதாவது கடைசில சொன்னது நல்லா ஞாபகம் இருக்கற மாதிரி தெரியறது அது இன்னும் காதுலயே நிக்கறதால, உள்ள போனதால இல்ல. ஞாபக சக்தி போன நோயாளிங்கள வச்சு 1970-ல பேட்லியும் வாரிங்டனும் பாத்தப்போ அவங்களுக்கும் கடைசி வார்த்தைங்க நம்ம மாதிரியே வருது, முன்னாடி சொன்னதுதான் வரல. ஆக ரெண்டு முனையும் ரெண்டு வேற சமாச்சாரம்.

மொத வார்த்தைங்க ஏன் நிக்குதுங்கறதுக்கு 1971-ல ரண்டஸ்னு ஒருத்தர், பட்டியல் ஓடறப்போ மனசுல என்ன சொல்லிக்கறீங்களோ அத வாய் விட்டு சொல்லுங்கன்னு கேட்டுப் பாத்தாரு. மொதல்ல வந்த வார்த்தைங்கள ஜனங்க திரும்பத் திரும்ப சொல்லிக்கறாங்க, நடுவுல வரது வரப்போ மண்டைல ஏற்கனவே கூட்டம், அதுக்கு சொல்லிக்க நேரம் கெடைக்கல.

அதனால உங்க கேஸுல இன்சார்ஜ் சிஸ்டர் பக்கம்தான் நான். கடைசில ஆபத்து அறிகுறிய சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் பேஷண்ட் என்ன பண்றாரு? பில்லிங் கவுன்ட்டர்ல நிக்கறாரு. கிளான்சர் குனிட்ஸ் நம்பர் எண்ண வச்சாங்க, உங்க ஆஸ்பத்திரி ரூபாய எண்ண வைக்குது.

எதிர்க்கேள்வி:

மேல உள்ளவர் சொன்னதெல்லாம் சரி, ஆனா காலேஜ் பசங்களையும் பட்டாளத்துக்காரங்களையும் உக்கார வச்சு "மேசை, நாய், குடை"ன்னு வார்த்தைப் பட்டியல் படிச்சது வார்டுல வயித்துல தையலோட உக்காந்திருக்கறவருக்கு அப்படியே ஒட்டுமா? எனக்கு ரெண்டு கேள்வி இருக்கு.

ஒண்ணு, "முப்பது செகண்ட்ல கடைசி காலி"ங்கறது பாதி உண்மை. 1974-ல பியோர்க்கும் விட்டனும் ஒவ்வொரு வார்த்தைக்கு நடுவுலயும் வேற வேலை குடுத்து, கடைசிலயும் வேலை குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் கடைசி வார்த்தைங்க மேலதான் நின்னுச்சு. 1977-ல பேட்லியும் ஹிட்ச்சும் ரக்பி ஆடறவங்கள புடிச்சு இந்த சீசன்ல எந்தெந்த டீமோட ஆடினீங்கன்னு கேட்டாங்க. அண்மைல ஆடின மேட்ச்தான் நல்லா வந்துச்சு, அதுல முக்கியம் என்னன்னா எத்தனை நாள் ஆச்சுங்கறத விட நடுவுல எத்தனை மேட்ச் ஆடினாங்கங்கறதுதான் கணக்கு. நாள் கணக்குல இருக்கற ஞாபகத்துக்கும் கடைசி முனை உண்டு சார், காதுல நிக்கற சமாச்சாரம் மட்டும் இல்ல.

ரெண்டு, சிஸ்டர்கிட்டயே ஒண்ணு கேக்கறேன். தையல் பிரிக்கற தேதி கடைசில சொன்னதால நிக்குதுன்னு ஏன் முடிவு பண்ணீங்க? அது ஃபைல் மேல எழுதி இருக்கா? ரிசப்ஷன்ல மறுபடி சொல்றாங்களா? அதுக்கு பேஷண்ட்டே லீவு போடணும்னு யோசிப்பாரா? அப்படின்னா அது வரிசையால நிக்கல, நாலு வாட்டி காதுல விழுந்ததால நிக்குது.

எல்லாத்துக்கும் வரிசை வரிசைன்னு சொல்றதும் ஒரு வியாதிதான். 1933-லயே வான் ரெஸ்டார்ஃப்ங்கற அம்மா காட்டிட்டாங்க, ஒரே மாதிரி சமாச்சாரத்துக்கு நடுவுல வேற மாதிரி ஒண்ணு வந்தா அது நடுவுல இருந்தாலும் நிக்கும்னு. அமெரிக்க ஜனாதிபதிங்க பேர சொல்லச் சொல்லி 1976-ல ரோடிகரும் கிரவுடரும் ஆய்வு பண்ணாங்க, ஆரம்பத்து ஆளுங்களும் அப்ப கடைசியா இருந்தவங்களும் வராங்க, நடுவுல பள்ளம், ஆனா அந்தப் பள்ளத்துல லிங்கன் மட்டும் மலை மாதிரி நிக்கறாரு. அந்த காய்ச்சல், சீழ் விஷயத்த லிங்கன் ஆக்கறத விட்டுட்டு எடத்த மாத்தறதப் பத்தியே பேசிட்டிருக்கோம்.

வரிசைக்கு உண்மையிலயே பவர் இருக்கற எடம் ஓட்டுச்சீட்டு. 1992 ஓஹையோ தேர்தல்ல வேட்பாளர் பேர வரிசை மாத்தி மாத்தி ஒவ்வொரு பூத்துக்கும் அச்சடிச்சாங்க, அத வச்சு க்ராஸ்னிக்கும் மில்லரும் கணக்கு போட்டா 118 போட்டில கிட்டத்தட்ட பாதில வரிசையால வித்தியாசம் தெரிஞ்சுது, பெரும்பாலும் மொதல்ல இருந்த பேருக்குத்தான் லாபம், சராசரியா ரெண்டரை சதவீதம். நம்ம ஊர்ல அங்கீகாரம் உள்ள கட்சிங்க மேல, மத்த பதிவு பண்ணின கட்சிங்க அடுத்து, சுயேச்சைங்க கீழன்னு வச்சு ஒவ்வொண்ணுக்குள்ளயும் அகர வரிசை. எல்லா பூத்துலயும் அதே வரிசை. 1996 மொடக்குறிச்சில 1033 பேர் நின்னு ஓட்டுச்சீட்டே புஸ்தகமா ஆச்சே, அதுல நடுப்பக்கத்துல இருந்தவர நெனச்சுப் பாருங்க.

பாதி_சைக்காலஜிஸ்ட்:

ரக்பி விஷயம் ஒத்துக்கறேன், நான் விட்டுட்டேன்னு சொல்றது நியாயம்தான். ஆனா அதே ஆய்வு உங்களுக்கே எதிரா திரும்புது பாருங்க. நடுவுல எத்தனை மேட்ச் வந்துச்சுங்கறதுதான் கணக்குன்னா, சிஸ்டர் பேசி முடிச்சதுக்கப்புறம் பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க், மருந்துக்கடை, செக்யூரிட்டி கேட் பாஸ்னு எத்தனை பேர் அதே ஆள்கிட்ட "இத இப்படி பண்ணுங்க"ன்னு சொல்றாங்க? சிஸ்டர் சொன்னது கடைசி மேட்ச்சே இல்ல சார்.

ஓட்டுச்சீட்டு வேற கதை, அது தேர்ந்தெடுக்கறது, ஞாபகம் வச்சுக்கறது இல்ல. சீட்டு கண்ணு முன்னாடியே இருக்கு, மேலேர்ந்து படிச்சிட்டு வரப்போ மொதல்ல ஒத்துவரதுல கை நின்னுடுது. ரெண்டையும் ஒரே கூடைல போடாதீங்க.

ஆஸ்பத்திரிலயே நடந்த ஆய்வு வேணும்னு கேட்டா பிலிப் லேன்னு ஒரு பிரிட்டிஷ் மனோதத்துவ ஆளு 1970-கள்ல இதையே வேலையா பண்ணிட்டிருந்தாரு. டாக்டர் சொன்னதுல நோயாளிங்களுக்கு மொதல்ல சொன்னது நல்லா நிக்குது, அப்புறம் அவங்களே முக்கியம்னு நெனைக்கறது நிக்குது. நாம முக்கியம்னு நெனைக்கறது இல்ல, அவங்க. இத அடிக்கோடு போட்டுக்கங்க. பொதுவாவே டாக்டர் நர்ஸ் சொல்றதுல 40-லேர்ந்து 80 சதவீதம் உடனே மறந்துபோகுதுன்னு கெசல்ஸ்னு ஒருத்தர் 2003-ல தொகுத்து எழுதியிருக்காரு, அதனால உங்க பேஷண்ட்டுங்க மேல கோவப்படாதீங்க சிஸ்டர், ஊர் உலகத்துலயே இதுதான் நெலம.

மாத்திரை_அண்ணாச்சி:

திருநெல்வேலி பக்கம் மருந்துக்கடை வச்சிருக்கேன். ஆய்வு கீய்வு தெரியாது, கவுன்ட்டர்ல நின்ன அனுபவத்துல சொல்லுதேன். சிஸ்டரு சொல்லுத பிரச்சினைக்கு ஒரு பாதி காரணம் சீட்டு எழுதுத வரிசைல இருக்கு.

டாக்டரு சீட்டு எழுதும்போது அவரு யோசனை எப்படிப் போகுதோ அப்படி எழுதுவாரு. மொத ஆன்டிபயாட்டிக், அடுத்து வலி மாத்திரை, அப்புறம் வயித்தக் கெடுத்துரக் கூடாதேன்னு கேஸ் மாத்திரை, அதுக்குக் கீழ சத்து மாத்திரை. ஆனா பேஷண்ட்டு காலைல எந்திச்சா மொத போட வேண்டியது எது? அந்த மூணாவதா எழுதுன கேஸ் மாத்திரை, வெறும் வயித்துல. சீட்டுல மூணாவது, வாழ்க்கைல மொத. இவங்க சீட்டு வரிசைலயே மனசுல வச்சுக்கிட்டு, ஆன்டிபயாட்டிக் போட்டு, வலி மாத்திரை போட்டு, சோறு தின்னு முடிச்சு, கடைசில வெறும் வயித்து மாத்திரைய முழுங்குவாவ. நான் எத்தனையோ பேருகிட்ட கேட்டுப் பாத்துட்டேன், பாதிப்பேரு இப்பிடித்தான்.

அதனால நான் மாத்திரைய சீட்டு வரிசைல எடுத்துக் குடுக்க மாட்டேன். காலைல எந்திச்சதுலேர்ந்து ராத்திரி படுக்கது வரைக்கும் எது எப்ப வருதோ அந்த வரிசைல கவர்ல போட்டு, கவர் மேல காலை மத்தியானம் ராத்திரின்னு கோடு போட்டு, ஒவ்வொண்ணா கைல குடுப்பேன். ஒரு கவர வாங்கி பையில போட்ட பெறவுதான் அடுத்தது. மொத்தமா அள்ளி மேசைல போட்டு படபடன்னு சொன்னா ஒண்ணும் நிக்காது. அவங்க நாள் எப்பிடி ஓடுதோ அந்த வரிசைல சொன்னா அவங்க தனியா ஞாபகம் வைக்க வேண்டியதே இல்ல, பல்லு வெளக்குனா அது வரும், இட்லி தின்னா இது வரும்.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்களுக்கு மனசுல ஒரே கேள்விதான் ஓடிக்கிட்டிருக்கும், பத்தியம் என்ன? கத்திரிக்கா சேக்கலாமா, மீனு சேக்கலாமா, முட்ட தின்னா சீழ் வைக்குமா. அதுக்கு பதில் கெடைக்கத வரைக்கும் நீங்க சொல்லுத எதுவும் காதுல ஏறாது. நீங்க ஆபத்து அறிகுறி சொல்லிக்கிட்டிருக்கும்போது அந்த அம்மா கத்திரிக்காயப் பத்தி எப்ப கேக்கலாம்னு பாத்துக்கிட்டிருப்பா. அத மொதல்லயே நீங்களே தீத்து வச்சிருங்க.

எதிர்க்கேள்வி:

அண்ணாச்சி பாயிண்ட் சூப்பர், நான் இதுவரைக்கும் கேஸ் மாத்திரைய சாப்பிட்டுட்டுத்தான் போட்டுட்டிருக்கேன் போல, வீட்ல போய் பாக்கணும்.

ரிட்டயர்டு_வாத்தியார்:

அண்ணாச்சி சொன்னதை வேற பக்கத்துலேர்ந்து நானும் பாத்திருக்கேன். சித்திரைலேர்ந்து பங்குனி வரைக்கும் பன்னெண்டு மாசத்தையும் எந்தப் பையனும் கடகடன்னு ஒப்பிப்பான். "ஐப்பசிக்கு முந்தின மாசம் எதுடா"ன்னு கேட்டா கண்ண மேல சொருகிட்டு சித்திரை வைகாசின்னு மறுபடி மொதல்லேர்ந்து ஓட்டிட்டு வந்து "புரட்டாசி"ம்பான். பெரியவங்களும் அதேதான் பண்றாங்க, உதடு அசையாம பண்றாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொண்ணும் அடுத்தத இழுத்துட்டு வருது. அதான் அந்தாதில ஒரு பாட்டு முடியற சொல்லுலயே அடுத்த பாட்ட ஆரம்பிக்கறாங்க, ஏடு கைல இல்லாம நூறு பாட்ட வரிசை பிசகாம சொல்றவனுக்கு அது எவ்வளவு ஒத்தாசைன்னு ஒப்பிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். சம்பந்தமே இல்லாத ஆறு விஷயத்த ஒண்ணுக்கு கீழ ஒண்ணா அடுக்கினா எதுவும் எதையும் இழுக்காது.

சிஸ்டருக்கு நான் சொல்ல வந்தது, எது மொதல்ல எது கடைசிங்கறதுக்கு முன்னாடி, எதப் பத்திப் பேசப்போறோம்ங்கறத மொதல்ல சொல்லுங்க. 1972-ல பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் ஒரு பத்திய படிச்சுக் காட்டினாங்க. முதல்ல சாமான்கள வெவ்வேற குவியலா பிரிக்கணும், ஒரேயடியா அதிகமா போடக்கூடாது, முடிஞ்சதும் மறுபடி பிரிச்சு அதது எடத்துல வைக்கணும், இப்படியே போகும், எதப் பத்தின்னே தெரியாது. துணி துவைக்கறதப் பத்தின்னு முன்னாடியே சொன்னவங்களுக்கு நல்லா புரிஞ்சுது, நல்லா ஞாபகமும் இருந்துச்சு. படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் "இது துணி துவைக்கறதப் பத்தி"ன்னு சொன்னவங்களுக்கு பிரயோஜனமே இல்ல, சொல்லாதவங்களும் அவங்களும் ஒண்ணு. அதே தகவல், அதே வார்த்தை, முன்னாடி சொன்னா வேலை செய்யுது, பின்னாடி சொன்னா வீண். வகுப்புல நாங்க பாடத் தலைப்ப போர்டுல எழுதிட்டு ஆரம்பிக்கறது அழகுக்கு இல்ல.

பாதி_சைக்காலஜிஸ்ட்:

வாத்தியார் சொன்னதையே லே ஆஸ்பத்திரிக்கு கொண்டுவந்தாரு, அத மேல சொல்ல விட்டுப்போச்சு. டாக்டர் மொதல்லயே "உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்வேன், என்ன டெஸ்ட்னு சொல்வேன், இனிமே எப்படி இருக்கும்னு சொல்வேன், நீங்க என்ன பண்ணணும்னு சொல்வேன்"ன்னு தலைப்ப அறிவிச்சிடணும், அப்புறம் ஒவ்வொரு தலைப்பையும் மறுபடி சொல்லி அதுக்குக் கீழ விஷயத்த சொல்லணும். வெறும அதே விஷயத்த கலந்து கட்டி சொன்னத விட இப்படி சொன்னா நோயாளிங்களுக்கு கூடுதலா ஞாபகம் இருந்துச்சு. செலவே இல்லாத வைத்தியம்.

நைட்_டியூட்டி_மஸ்கட்:

நானும் நர்ஸ்தான், மஸ்கட்ல இருக்கேன். பேஷண்ட்ட விடுங்க, நமக்கே இதே பிரச்சினைதான் அக்கா, ஷிஃப்ட் மாத்தறப்போ பாருங்க. ஒண்ணாம் நம்பர் பெட்லேர்ந்து ஆரம்பிச்சு ஹேண்ட்ஓவர் குடுப்போம், மொத நாலு பெட்டுக்கு மூச்சு விடாம கதை சொல்லுவோம், அப்புறம் போகப் போக "இவருக்கு ஒண்ணும் இல்ல, ஸ்டேபிள், அடுத்து". 2012-ல ஐசியு டாக்டருங்க ஷிஃப்ட் மாத்தறத வீடியோ எடுத்துப் பாத்து ஒரு ஆய்வு வந்துச்சு, மொதல்ல பேசின பேஷண்ட்டுக்கு நேரம் ஜாஸ்தி, பின்னாடி வரவங்களுக்கு கம்மி, அவங்க உடம்பு எவ்வளவு மோசம்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதப் படிச்சதுலேர்ந்து நான் மோசமா இருக்கற பேஷண்ட்லேர்ந்துதான் ஆரம்பிக்கறேன், பெட் நம்பர் எப்படி இருந்தா என்ன. மொதல்ல எல்லாரும் மொறச்சாங்க, இப்ப பழகிடுச்சு.

ஒரு ஆளப் பத்தி மொதல்ல சொல்ற வார்த்தைக்கு இருக்கற வெயிட் தனி. 1946-ல சாலமன் ஆஷ் ஒருத்தரப் பத்தி ஆறு வார்த்தை சொன்னாரு, புத்திசாலி, உழைப்பாளி, அவசரப்படறவர், குறை சொல்றவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குரூப்புக்கு அதே ஆறத்தான் கடைசிலேர்ந்து தலைகீழா, பொறாமைல ஆரம்பிச்சு. மொத குரூப்பு நல்ல மனுஷன், கொஞ்சம் குறை இருக்குன்னாங்க, ரெண்டாவது குரூப்புக்கு ஆளு பிரச்சினை புடிச்சவன். "பதினேழாம் பெட்டு சும்மா சும்மா பெல் அடிப்பாரு, பொறுமை வேணும்"னு ஆரம்பிச்சு அப்புறம் "வலி இருக்குங்கறாரு"ன்னு சொன்னா வர நர்ஸ் அந்த வலிய எப்படி எடுத்துப்பா? வலிய மொதல்ல சொல்லணும். பெல்ல பத்தி சொல்லவே வேண்டாம், நைட்டு தானா தெரிஞ்சிடும் :)

பேஷண்ட் நெலமைய இன்னொருத்தருக்கு எந்த வரிசைல சொல்லணும்ங்கறதுக்கு எஸ்பார்னு (SBAR) ஒரு முறை இருக்குல்ல, அமெரிக்க நேவி நீர்மூழ்கிக் கப்பல்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, அதுல இப்ப என்ன நடக்குதுங்கறது மொதல்ல, பழைய கதை ரெண்டாவது. நாம டாக்டருக்கு ராத்திரி போன் பண்ணா "சார் இவர் அஞ்சு நாள் முன்னாடி அட்மிட் ஆனாரு, பிபி உண்டு, சுகர் உண்டு"ன்னு பழைய கதைலேர்ந்து ஆரம்பிப்போம், தூக்கக் கலக்கத்துல இருக்கற மனுஷனுக்கு எதுக்கு கூப்பிட்டாங்கன்னே தெரியாம அரை நிமிஷம் போயிடும். வாத்தியார் சொன்ன துணி துவைக்கற கதைதான் இதுவும்.

வார்டு_சிஸ்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

எதிர்க்கேள்வி சார் கேட்டது கரெக்ட், தையல் பிரிக்கற தேதிய ஃபைல் மேல பெருசா சிவப்பு பேனால எழுதறோம், ரிசப்ஷன்ல டோக்கன் போடறப்போ மறுபடி சொல்றாங்க, எஸ்எம்எஸ் வேற போகுது. நான் அத யோசிக்கவே இல்ல. அப்ப சீழ், காய்ச்சலையும் சிவப்பு பேனால ஃபைல் மேலயே எழுதிட்டா என்ன? மொதல்ல அத செய்யறேன்.

இப்ப நான் யோசிச்சு வச்சிருக்கறது இது. மொதல்ல சாப்பாட்டுக் கேள்விய நானே எடுத்து ரெண்டு வரில முடிச்சிடறது, அண்ணாச்சி சொன்ன மாதிரி, இல்லேன்னா அது குறுக்க வந்துட்டே இருக்கும். அப்புறம் "மூணு விஷயம் சொல்லப்போறேன், எப்போ உடனே ஓடி வரணும், மாத்திரை எப்படி, வீட்ல என்ன செய்யலாம் செய்யக்கூடாது"ன்னு தலைப்பு. அந்த மூணுல ஆபத்து அறிகுறி மொதல்ல. மாத்திரை காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அண்ணாச்சி வரிசைல. இதுல ஒரு சந்தேகம், சாப்பாட்ட மொதல்ல சொன்னா அந்த மொத எடத்த கத்திரிக்காயே தின்னுடாதா? இன்னொண்ணு, அப்ப கடைசிங்கறதுக்கு மதிப்பே இல்லையா?

பாதி_சைக்காலஜிஸ்ட்:

மொத கேள்வி நல்ல கேள்வி. பத்தியத்த பேச்சுக்குள்ள சேக்காதீங்க. காலைல டிரெஸ்ஸிங் மாத்தறப்போ, டிஸ்சார்ஜ் பேச்சுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரம் முன்னாடியே பேச்சுவாக்குல முடிச்சிடுங்க. அப்ப உக்காந்து பேசறப்போ ஆபத்து அறிகுறிதான் மொதல். அத சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்துங்க, அவசரப்படாதீங்க. கிளான்சர் குனிட்ஸ் ஆய்வுலயே வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடைவெளி கூட்டினப்போ ஆரம்பமும் நடுவும் நல்லா ஏறுச்சு, கடைசிக்குத்தான் அதனால ஒண்ணும் ஆகல.

கடைசிக்கு வேற விதமா மதிப்பு இருக்கு. 1993-ல கானமனும் கூட இருந்தவங்களும் ஆளுங்கள 14 டிகிரி தண்ணில ஒரு நிமிஷம் கை வைக்கச் சொன்னாங்க, இன்னொரு வாட்டி அதே ஒரு நிமிஷம் போக கூடுதலா முப்பது செகண்ட், அதுல தண்ணிய மெதுவா 15 டிகிரிக்கு ஏத்தினாங்க. எத மறுபடி செய்வீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க நீளமானதையே எடுத்தாங்க, மொத்தமா பாத்தா அதுலதான் வேதனை அதிகம், ஆனா முடிவு கொஞ்சம் இதமா இருந்துச்சு. தகவல் கடைசில நிக்காட்டியும் உணர்ச்சி கடைசில நிக்கும். அதனால கடைசில தகவல் எதுவும் புதுசா போடாதீங்க, "ராத்திரி எத்தனை மணியானாலும் சந்தேகம்னா கூப்பிடுங்க, யாரும் திட்ட மாட்டோம்"னு முடிங்க. இது என் அபிப்ராயம், ஆய்வு இல்ல.

எதிர்க்கேள்வி:

அத்தோட "புரிஞ்சுதாம்மா"ங்கற கேள்விய மொதல்ல எடுத்துருங்க சிஸ்டர், அதுக்கு நம்ம ஊர்ல ஒரே பதில்தான் உண்டு. "வீட்டுக்குப் போனதும் உங்க பையன் கேப்பாரு, என்ன ஆனா ஆஸ்பத்திரிக்கு வரணும்னு, அவருக்கு என்ன சொல்லுவீங்க"ன்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க. விட்டுப்போனத அப்பவே புடிச்சிடலாம். பைலட்டுக்கு கன்ட்ரோல் ரூம்லேர்ந்து சொல்றத பைலட் திருப்பிச் சொல்லணும்னு விதியே இருக்கு, அவங்கள்லாம் தலையாட்டறத நம்பறதில்ல.

மாத்திரை_அண்ணாச்சி:

அதுவும் பேஷண்ட்டுகிட்ட கேக்காதீங்க, மாத்திரை எடுத்துக் குடுக்கப்போறது யாரோ அவங்ககிட்ட கேளுங்க. எங்க ஊருல பெரும்பாலும் அது மருமவ. அவ டிஸ்சார்ஜ் அன்னைக்கு வார்டுக்குள்ள இருக்க மாட்டா, பில்லு கட்டுத லைன்ல நிப்பா.

வார்டு_சிஸ்டர்:

அய்யோ ஆமா அண்ணாச்சி, எங்க வார்டுலயும் அதேதான். இன்சூரன்ஸ் அப்ரூவல் வர சாயங்காலம் ஆயிடும், அதுவரைக்கும் எல்லாரும் சும்மாதான் உக்காந்திருப்பாங்க, நான் பில் முடிஞ்சு கிளம்பற அவசரத்துல வந்து பேசறேன். இன்சார்ஜ்கிட்ட கேட்டு மத்தியானம் விசிட்டர் டைம்லயே பேச்ச வச்சுக்க முடியுமான்னு பாக்கறேன். மறுநாள் போன் பண்றப்போ என்ன சொல்றாங்கன்னு இங்கயே எழுதறேன்.